ஒற்றையடிப் பாதைக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மலை, கரடி, காலில் கொப்புளம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாப் பட்டது ஒரு சாதாரணக் கேள்வி. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் நடக்க யார் அனுமதி கொடுத்தாங்க?

1921 அக்டோபரில் பென்டன் மெக்கை என்ற வனவியலாளர், கட்டடக்கலைஞர் சங்கத்தின் இதழில் இந்த யோசனையை எழுதினார். இரண்டே வருஷத்தில், நியூயார்க்கின் பேர் மவுண்டன் பக்கம் முதல் துண்டு திறந்தது. அதற்குப் பிறகு வேலையை இழுத்துக்கொண்டு போனவர் மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர். சைக்கிள் சக்கரத்தை உருட்டியே பாதையை அளந்த மனிதர். 1937இல் பாதை முழுமை பெற்றது.

அரசுக் காடுகளில் வனத்துறையும் பூங்காத் துறையும் இடம் கொடுத்தன. ஆனால் கணிசமான தூரம் தனியார் நிலம். அங்கே பத்திரமோ பதிவோ கிடையாது. தன்னார்வலர் போய் விவசாயியிடம் கேட்பார், அவர் "சரி, போங்க" என்பார். அவ்வளவுதான். நம்ம ஊரில் வரப்பு மேல நடக்க யாரும் பட்டா கேட்பதில்லையே, அந்த மாதிரி. நிலம் கைமாறி வேலி விழும்வரை எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

சரி, அரசு நிலமாவது பத்திரமா? அதுவும் இல்லை. ஷெனாண்டோவாவில் மலை முகட்டிலேயே ஸ்கைலைன் டிரைவ் என்ற கார் சாலை வந்து, பாதையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அரசோடு ஒத்துப்போய்ப் பாதையை மாற்றிப் போடலாம் என்றார் ஏவரி. சாலை வந்தால் பாதையின் அர்த்தமே போச்சு என்றார் மெக்கை. இரண்டு பேருக்கும் உறவே முறிந்தது. 1938இல், அரசு நிலங்களில் பாதையின் இருபுறமும் ஒரு மைல் வரை இணையாகப் புதுச் சாலை போடுவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

தனியார் நிலத்துக்கு அந்தக் காப்பும் இல்லை. ஓக்ல்தோர்ப் மலையைச் சுற்றி நிலப் பயன்பாடு மாறியதால், 1958இல் பாதையின் தென்முனையே ஸ்பிரிங்கர் மலைக்கு நகர்ந்தது.

1968இல் தேசியப் பாதைகள் சட்டம் வந்தது. நிலம் வாங்கும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. 1978இல் சட்டத்தைத் திருத்தி, 9 கோடி டாலர் வரை செலவிட அனுமதித்தார்கள். இங்கேதான் எனக்கு மனசு நெருடுகிறது. விற்க மறுத்தவர்களின் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. சில இடங்களில் எடுக்கவும் செய்தார்கள். வாய் வார்த்தையை நம்பி வழி விட்ட ஊர்களில், அரசின் நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வந்தது.

இன்று ஏறக்குறைய முழுப் பாதையும் பொது நிலத்தில் இருக்கிறது. அது இல்லாமல் போயிருந்தால் பாதை துண்டு துண்டாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்தப் பாதையின் வரலாற்றை எழுதும்போது, நடந்தவர்கள் பெயரோடு வழி விட்டவர்களின் கணக்கையும் சேர்த்தே எழுதணும். அனுமதி என்பது கேட்டு வாங்கினதும்தான், கேட்காமல் எடுத்ததும்தான்.