பாரசீகக் கதைப்பாடல்களில் வேண்டுதலும் கதைகூறும் உத்தியும்

பாரசீக மொழியில் எழுந்த நெடுங்கதைப் பாடல்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு பற்றியே தொடங்குகின்றன. இறைவன் புகழ், நபிகள் நாயகத்தின் புகழ், புரவலனாகிய மன்னனின் புகழ், நூல் இயற்றப்பட்ட காரணம் என்பன முறையே வரும். இறைவன் புகழையடுத்து, கவிஞன் இறைவனோடு தனித்துப் பேசுவதாக அமையும் பகுதியும் சில நூல்களில் உண்டு. இதனை முனாஜாத் என்பர். தமிழ் முஸ்லிம் புலவர்கள் பாடிய முனாஜாத்து என்னும் பிரபந்த வகை பெயர் பெற்றதும் இவ்வரபுச் சொல்லிலிருந்தேயாம்.

இவ்வேண்டுதலை நூன்முகத்துச் சடங்கெனக் கருதிக் கடந்து செல்வோர் பலர். ஆயின், கதையினுள்ளே பாத்திரங்களின் வாயிலாக வரும் வேண்டுதல்களை நோக்குமிடத்து, அவை கதையின் போக்கையே நிர்ணயிக்கும் உத்தியாக அமைந்திருத்தல் புலனாகும். பிர்தௌஸி, நிஸாமி, ரூமி ஆகிய மூவரின் படைப்புகளும் இதற்குச் சான்றாகும்.

பிர்தௌஸி கி.பி. 1010இல் நிறைவு செய்த 'ஷாநாமா'வில் ருஸ்தம் – ஸுஹ்ராப் கதை புகழ்பெற்றது. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாது பகைவராய்ப் பொருதுகின்றனர். எதிரே நிற்பவன் தன் தந்தையோ என ஐயுற்று ஸுஹ்ராப் வினவுகிறான், ருஸ்தம் மறுத்துவிடுகிறான். மற்போரில் வீழ்த்தப்பட்ட ருஸ்தம், முதன்முறை வீழ்ந்தவனைக் கொல்லுதல் மரபன்று எனச் சூழ்ச்சியாகக் கூறி உயிர் தப்புகிறான். பின்னர் நீரோடையை அடைந்து நீராடி, வெற்றி வேண்டி இறைவனை இறைஞ்சுகிறான். அடுத்த போரில் அவ்வேண்டுதல் நிறைவேறுகிறது. மகனின் மார்பு பிளக்கப்பட்ட பின்னரே, அவன் தோளில் அணிந்திருந்த அணி உண்மையைப் புலப்படுத்துகின்றது. வேண்டுபவன் அறியாததைக் கேட்போர் அறிந்திருக்கின்றனர். ஆதலின், பக்தியுடன் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு அச்சத்தை விளைவிக்கின்றது. வேண்டுதல் பலிக்காமற் போவதன்று, பலிப்பதே இங்கு அவலமாகின்றது.

கஞ்சா நகரத்து நிஸாமி, ஷிர்வான் மன்னனின் விருப்பத்திற்கிணங்க 1188இல் 'லைலா மஜ்னூன்' கதையைப் பாடினார். அரபு மரபில் வழங்கிய செய்திகளை அவர் தொடர்கதையாக்கினார். காதலாற் பித்துற்ற மைந்தனைத் தந்தை மக்காவுக்கு அழைத்துச் சென்று, கஃபாவின் முன் நிறுத்தி, இந்நோயினின்றும் விடுதலை வேண்டுமாறு கூறுகிறார். மஜ்னூன் முதலில் அழுகிறான், பின்னர் சிரிக்கிறான். கதவின் வளையத்தைப் பற்றிக்கொண்டு, தன் காதல் மேலும் பெருக வேண்டுமென்றும், தன் ஆயுளிற் குறைத்து லைலாவின் ஆயுளிற் கூட்ட வேண்டுமென்றும் இறைஞ்சுகிறான். அருகில் நின்று இதனைக் கேட்ட தந்தை, மகனைத் திருத்தவியலாது என்பதை உணர்கிறார். நோய் தீர்க்கும் வழியாகக் கதையிற் கொணரப்பட்ட வேண்டுதலே அந்நோயை உறுதிசெய்து விடுகின்றது. நெடிய வருணனை உணர்த்தவியலாத உள்ளத்தை ஒரு வேண்டுதல் உணர்த்தி விடுகின்றது.

ரூமி (1207–1273) இவ்வுத்தியைப் பிறிதொரு நிலைக்குக் கொண்டு செல்கிறார். அவரது 'மஸ்னவி'யின் பாடற்பகுதி வழக்கமான புகழ்மாலையின்றி, பிரிவுக்கு வருந்தும் நாணற்குழலின் முறையீட்டோடு தொடங்குகின்றது. அதன் இரண்டாம் நூலில் இடையன் ஒருவன், இறைவனின் செருப்பைத் தைப்பதாகவும் தலைவாரிப் பேன் பார்ப்பதாகவும் பேசி வேண்டுகிறான். மூஸா நபி அவனைக் கடிந்துகொள்ள, இறைவன் மூஸாவையே கடிந்துகொள்கிறான். மூன்றாம் நூலில் ஒருவன் இரவில் இறைவன் பெயரை இடைவிடாது அழைக்கிறான். பதில் எங்கே எனச் சைத்தான் வினவ, மனமுடைந்து வாய் மூடுகிறான். கனவில் தோன்றிய கிழ்ரு, அவன் அழைத்த அழைப்பே இறைவனின் பதில் எனத் தெளிவிக்கிறார். பதில் வேண்டுதலுக்குப் பின் வருவதன்று, அதனுள்ளேயே உள்ளது என்பது இக்கதையின் முடிவு.

இம்மாற்றத்திற்குச் சமுதாயப் பின்னணியும் உண்டு. முன்னிருவரும் மன்னரை நோக்கி நூல் செய்தனர். வேண்டுவோர் மாவீரனும் குலத்தலைவன் மகனுமாவர். ரூமியோ கொன்யா நகரில் சீடர் குழாத்தை நோக்கிப் பாடினார். அவர் பாடியவற்றை ஹுஸாமுத்தீன் எழுதிக்கொண்டார். இங்கு வேண்டுவோர் இடையனும் பெயரற்ற ஒருவனுமாவர்.

வேண்டுதலுக்குப் பதில் உண்டா என்பது மனிதனின் பழைய வினா. இம்மூவரும் அதற்குத் தத்துவ விளக்கம் மட்டும் கூறி அமையாது, கதையின் திருப்பத்திலேயே அவ்வினாவை நிறுத்தினர். வேண்டியதைப் பெற்று அழிந்த தந்தையும், நலம்பெற மறுத்த காதலனும், பதில் பெற்றதை அறியாதிருந்த அடியானும் இன்றும் நம்மைச் சிந்திக்க வைப்பது இதனாலேயாம்.