கடல் கடந்த கல்வியும் ஒரு தாயுள்ளமும்

பிறநாடு சென்று கற்க விரும்பும் பெண்ணுக்குக் கப்பற் கூலி மட்டும் போதுமா? ஆனந்திபாய் ஜோஷி அம்மையாரின் சரித்திரம் இதற்கு விடை பகர்கின்றது.

மராட்டிய நாட்டில் 1865இல் பிறந்த ஆனந்திபாய், பதினான்காம் வயதில் ஈன்ற மகவைப் பத்தே நாளிற் பறிகொடுத்தார். பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டுமென்ற உறுதி அத்துயரிற் பிறந்தது. கணவர் கோபாலராவ் அமெரிக்க மிஷனரி ஒருவரிடம் உதவி கோரினார். மதம் மாறவேண்டுமென்ற மறுமொழியே கிடைத்தது. தம்பதிகள் அதற்கு இசைந்திலர்.

பத்திரிகையில் வெளியான அக்கடிதத்தை நியூ ஜேர்சியில் வாழ்ந்த கார்ப்பெண்டர் என்னும் மாது கண்ணுற்றார். முன்பின் அறியாத பெண்ணுக்கு எழுதினார். கடிதங்கள் வளர்ந்து உறவாயின. 1883இல் கணவரைப் பிரிந்து கப்பலேறிய ஆனந்திபாயைத் தம் இல்லத்தில் மகளென ஏற்றார். சேலையும் மரக்கறி உணவும் கைவிடாமலே, பிலடெல்பியா மகளிர் வைத்தியக் கல்லூரியில் 1886இல் ஆனந்திபாய் பட்டம் பெற்றார்.

கோலாப்பூர் வைத்தியசாலையில் பெண்கள் பகுதிப் பொறுப்பு அவருக்குக் காத்திருந்தது. காசநோயோ முந்திக்கொண்டது. 1887 பெப்ரவரி 26இல், இருபத்திரண்டு நிரம்புமுன், பூனாவில் மறைந்தார். அவர் அஸ்தி கடல் கடந்து சென்று, கார்ப்பெண்டர் குடும்ப மயானத்தில் இடம்பெற்றது.

செலவுக்குப் பலன் யாது என்று கணக்கிடுவோர் இருக்கலாம். கார்ப்பெண்டர் அம்மையார் கணக்குப் பார்த்தாரல்லர். மகளை இழந்தவராய், அவள் சாம்பலுக்கும் இடமளித்தார்.

அன்பர்களே! தெஹிவளையிலிருந்து இன்று நம் பெண்மக்கள் விமானமேறிச் செல்கின்றனர். பணம் உதவும் பெரியோர், மாதம் ஒரு கடிதமும் எழுதுவாராக.