அரியத்தை எடுத்த பிறகும் தெரிந்த கதிர்

1903இல் பிரான்ஸின் நான்சிப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் ரெனே புளொண்ட்லோ புதிய கதிர் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். ஊர்ப்பெயரின் முதலெழுத்தை வைத்து 'என்-கதிர்' எண்டு பெயரிட்டார். எக்ஸ் கதிர் வந்து எட்டு வருசம்தான். இன்னொரு கதிர் இருக்கு எண்டால் ஆரும் சிரிக்கிற காலமில்லை. ஆனால் சோதனையைக் கவனியுங்கள்: இருட்டறை, சின்ன மின்பொறி ஒன்று. கதிர் பட்டால் பொறி கொஞ்சம் கூடப் பிரகாசிக்குமாம். அதைச் சொல்வது பெரும்பாலும் மனிதக் கண்.

பிறகு பிரான்ஸில் பல பேர் தாங்களும் கண்டதாக எழுதினார்கள். ஜேர்மனியில் ரூபன்ஸ் முயன்றும் ஒன்றும் தெரியவில்லை. "இத்தனை பேர் தனித்தனியாகக் கண்டது பொய்யாகுமா?" என்ற வாதம் இடறுவது 'தனித்தனியாக' என்ற சொல்லில்தான். என்ன தெரியவேண்டும் எண்டு எல்லாருக்கும் முதலே தெரியும்.

1904 செப்டெம்பரில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேட் வூட் நான்சிக்கே போனார். இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலப் பிளவால் வரும் கதிரை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கு எப்படி அளக்கிறார்கள் என்பதே அவருக்கு விளங்கவில்லை. கதிரைப் பிரிக்கும் அலுமினிய அரியத்தை இருட்டுக்குள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அளவீடுகள் மாறாமல் வந்துகொண்டே இருந்தன. மாத முடிவில் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்.

இதிலிருந்து எதை முடிவுகட்டலாம்? நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள், ஆய்வுகூடம் பக்கம் போனதில்லை. ஆனால் ஒரு பந்தி எவ்வளவு தூரம் போக விடுகிறது எண்டு பார்ப்பது எங்கட வேலையும்தான். அந்த அளவீடு அரியத்தில் தங்கியிருக்கவில்லை. இது உறுதி. புளொண்ட்லோ பொய் சொன்னார் என்பது இதிலிருந்து வராது. பொய்க்காரர் எண்டால், ஒரு வெளியாளை இருட்டறைக்குள் கூப்பிட்டு வைத்திருப்பாரா?

பிரெஞ்சுத் தேசியப்பெருமைதான் காரணம் எண்டு எழுதுகிறவர்களும் உண்டு. கேட்க நல்லாயிருக்கு. ஆனால் பிரான்ஸுக்குள்ளேயே சந்தேகித்த பௌதிகவியலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பெருமை இல்லாமல் போனது எப்படி?

அதே 1904இல் பிரெஞ்சு விஞ்ஞான அக்கடமி புளொண்ட்லோவுக்கு 50,000 பிராங் லெகோந்த் பரிசைக் கொடுத்தது. அக்கடமி என்-கதிரை நம்பியது எண்டதுக்கு இதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். பரிசு கொடுக்கப்பட்டதோ அவருடைய ஆய்வுப்பணி முழுவதற்கும். நம்பினார்கள் எண்டும் கைவிட்டுப்போட்டார்கள் எண்டும் அந்தப் பரிசை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.