கோழியின் காலடியில் கிடந்த தீனி

கோழிக் கொட்டகையின் தரையில் எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதற்காகப் பரப்பப்படும் நெல் உமி, மரச்சீவல், வைக்கோல் துணுக்கு, கடலைத்தோல் போன்ற பொருள்களுக்குக் கூளம் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கோழி வளர்ப்போருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, இந்தக் கூளத்தை அடிக்கடி வாரிக் கொட்டிவிட்டுப் புதியதைப் பரப்ப வேண்டும் என்பதாகவே இருந்தது. குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்த இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்த கூளத்தில் முதிர்ந்து, மீண்டும் குஞ்சின் அலகு வழியாகக் குடலுக்குள் செல்வது அப்போதே தெரிந்திருந்தமையால், அந்த அறிவுரையில் நியாயமும் இருந்தது.

இந்த எண்ணத்தை அசைத்தது ஒகையோ மாநிலத்தின் வூஸ்டர் நகரில் இருந்த வேளாண் ஆய்வு நிலையம். 1940களில் அங்கே டி. சி. கென்னார்ட், வி. டி. சேம்பர்லின் ஆகியோர், பழைய கூளத்தை அகற்றாமல் அதன்மேலேயே புதிய கூளத்தைச் சேர்த்து, அவ்வப்போது கிளறிவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும் முறையை ஆராய்ந்தனர். இன்று தமிழில் ஆழ்கூள முறை எனப்படுவது இதன் வழியில் வந்ததே. நோய் பெருகும் என்று அஞ்சப்பட்ட அந்தத் தரையில் குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. நன்கு முதிர்ந்த கூளத்தில் நுண்ணுயிர்களின் செயலும் அம்மோனியாவும் நோய்க்கிருமியின் பெருக்கத்தைத் தடுத்தன. எஞ்சிய கிருமிகளைக் குஞ்சுகள் சிறுகச் சிறுகக் கொத்தித் தின்று, அந்த நோய்க்கு எதிர்ப்பாற்றலையும் பெற்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

அதைவிட வியப்பானது தீனியைப் பற்றிய முடிவு. மீன்தூள், இறைச்சித்தூள் போன்ற விலங்குப் புரதம் சேராத, தானியமும் பிண்ணாக்கும் மட்டுமே கொண்ட தீனியைத் தின்னும் கோழிகளின் முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை என்பது அக்காலத்தில் பலரும் கண்ட உண்மை. விலங்குப் பொருளில் மட்டும் காணப்பட்ட, பெயர் அறியப்படாத அந்தச் சத்தை விலங்குப் புரதக் காரணி என்று அழைத்தனர். முட்டை பொரிப்பதற்கு வேண்டிய அத்தகைய சத்துகளை முதிர்ந்த கூளமே கோழிகளுக்குத் தருகிறது என்று கென்னார்ட், ஆர். எம். பெத்கே, சேம்பர்லின் மூவரும் 1948இல் எழுதினர். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் கிளாக்சோ நிறுவனத்தாரும் தனித்தனியே பி12 வைட்டமினைச் சிவந்த படிகமாகப் பிரித்தெடுத்தனர். கூளத்தில் மட்கிய எச்சத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதும், கோழி கீறிக் கிளறித் தின்பதும் பெரும்பாலும் இந்தச் சத்துதான் என்பது விரைவில் தெளிவாயிற்று. கழிவு என்று வாரிக் கொட்டப்பட்ட பொருள், தீவனத் தொட்டியின் குறையை நிரப்பிய இரண்டாவது தொட்டியாக இருந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பே கூளத்தின் பெருமையை மறக்கவும் செய்தது. நுண்ணுயிர் வளர்ப்பின் மூலம் பி12 மலிவாகக் கிடைக்கத் தொடங்கி, தீனியிலேயே கலக்கப்பட்டபோது, தரையிலிருந்து கோழி பெறவேண்டியது எதுவுமில்லை என்ற முடிவு எளிதாயிற்று. முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டுகளுக்கு ஏறின. இறைச்சிக்கோழி தரையிலேயே தங்கியது என்றாலும், அதன் கூளம் ஈரம் உறிஞ்சும் படுக்கையாக மட்டுமே மதிக்கப்பட்டது. இது அவசரப்பட்ட மதிப்பீடு.

கூளத்திற்கும் செரிமானத்திற்கும் உள்ள வேறோர் உறவு பின்னர் வெளிப்பட்டது. பல் இல்லாத கோழிக்கு, இரையை அரைக்கும் வேலையைத் தடித்த தசையாலான அரைவைப்பை செய்கிறது. நுணுக்கி அரைத்த தீனியை மட்டும் பெறும் கோழியின் அரைவைப்பை வேலையின்றிச் சிறுத்து, இரை அதில் தங்காமல் சிறுகுடலுக்கு விரைந்துவிடுகிறது. நார்வேயில் ஹெட்லாண்ட், ஸ்விஹுஸ் முதலியோர் ஓட்ஸ் உமியையும் மரச்சீவலையும் கொடுத்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, கரையாத பரும நார் அரைவைப்பையைப் பெரிதாக்குவதையும், மாவுச்சத்தின் செரிமானத்தை உயர்த்துவதையும் காட்டியது. கூளத்தைக் கொத்தித் தின்னும் கோழி, இந்த நாரைத் தானாகவே தேடிக்கொள்கிறது எனலாம்.

ஆயினும் எல்லாக் கூளமும் ஒன்றல்ல. மரச்சீவல் ஈரத்தை உறிஞ்சுவதோடு பருமனாகவும் இருக்கிறது. நெல் உமி பருமனானது, ஆனால் ஈரத்தை அவ்வளவாக ஏற்பதில்லை. மெல்லிய மரத்தூளைத் தீனி என்று எண்ணி முதல் நாள்களில் அதிகமாகத் தின்னும் குஞ்சு, வயிறு நிறைந்தும் சத்தில்லாமல் தளர்ந்துவிடும் என்பதாலேயே, அந்நாள்களில் கூளத்தின்மேல் காகிதம் விரிக்கும் வழக்கம் பண்ணைகளில் வந்தது. பல்லடம் வட்டாரத்து இறைச்சிக்கோழிப் பண்ணைகளில் பரப்பப்படும் தென்னை நார்க்கழிவு, தன் எடையைப் போல் பலமடங்கு நீரை ஏற்கக்கூடியது. நன்கு உலராமல் வந்தால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்கும் அம்மோனியாவுக்கும் இடம் தரும் என்பதால், அங்கே கூளம் பரப்புமுன் அதை வெயிலில் உலர்த்தி, பரப்பிய பின்னும் நாள்தோறும் கிளறிவிடுகின்றனர்.