எந்த நாயை வண்டியில் ஏற்றுவது?

விலங்கு நலம் பற்றி எழுதச் சொன்னால், "ஆதரவற்ற நாயைக் காப்பாற்றி நல்ல வீட்டில் சேர்க்க வேண்டும்" என்று நம் மாணவர்கள் ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் அண்மைக்கால வரலாறு நல்ல சான்று.

அங்கே தென் மாநிலக் காப்பகங்களில் நாய்கள் நிரம்பி வழியும். வடகிழக்கு மாநிலங்களில் கருத்தடை முன்பே பரவலாகிவிட்டதால் குட்டிகள் குறைவு, வளர்க்க ஆசைப்படுவோர் அதிகம். ஆகவே, தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவரின் சான்றிதழோடு நாய்களை வேனிலும் விமானத்திலும் வடக்கே அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. இதுவரை சிக்கல் இல்லை, இல்லீங்களா?

2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரினா சூறாவளி கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. மக்களை ஏற்றிச் சென்ற பேருந்துகளில் செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. ஒரு சிறுவனிடமிருந்து காவலர் நாயைப் பறித்தபோது, "ஸ்னோபால், ஸ்னோபால்" என்று கதறிக் கதறி அவன் வாந்தியே எடுத்துவிட்டான். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது.

பின்னர் மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கான பிராணிகள் கான்சாலஸ் ஊரிலுள்ள லமார்-டிக்சன் கண்காட்சித் திடலில் சேர்க்கப்பட்டன. இடம் போதவில்லை. பல நாய்கள் வெளிமாநிலக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கே புதிய குடும்பங்களுக்குத் தரப்பட்டன.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவை ஆதரவற்ற நாய்களா? இல்லை; வெள்ளத்தில் வீட்டைப் பிரிந்தவை. வீடிழந்து வேறு ஊரில் தங்கியிருந்த உரிமையாளர்கள், பல மாதம் தேடித் தங்கள் நாயைக் கண்டுபிடித்தார்கள். பராமரித்து வளர்த்தவர்களில் சிலர் திருப்பித் தர மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. இரு பக்கமும் பாசம்தான். எதைத் தவறு என்பது?

2006 அக்டோபரில் செல்லப்பிராணிகள் வெளியேற்றம், போக்குவரத்து குறித்த சட்டம் கையெழுத்தானது. அதன்பின், பேரிடர்க்கால வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

2017-இல் ஹார்வி சூறாவளி டெக்சாசைத் தாக்கியபோது அணுகுமுறையும் மாறியிருந்தது. புயலுக்கு முன்பே காப்பகத்தில் தத்துக்குக் காத்திருந்த நாய்களை வெளிமாநிலங்களுக்கு அனுப்பினார்கள். காலியான கூண்டுகளில், வெள்ளத்தில் தொலைந்த நாய்களை உரிமையாளர்கள் தேடி வரும் தூரத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. வண்டி அதேதான், அதில் ஏறிய நாய்தான் வேறு.

மேல்நிலை மாணவர்களுக்கு இதை விவாதமாகக் கொடுத்துப் பாருங்கள்: "தேடி வரும் உரிமையாளருக்காக ஒரு நாய் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?" ஒரே வரியில் யாரும் முடிச்சிட மாட்டாங்க.