ஒரு பெட்டியுள் இரு அலைகள்: அமெச்சூர் வானொலிக் கருவியின் வரலாறும் மதுரங்குளிக் கரையும்

தொழில்நுட்பக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் மேதைமை பற்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் ஒரு கருவியில் எது இடம்பெறும், எது விடுபடும் என்பதைத் தீர்மானிப்பதில் இயற்கை நியதிகளுக்குள்ள பங்கு சந்தைக்கும் உண்டு. அமெச்சூர் வானொலியாளர் கையாளும் திரான்சீவர், அதாவது செய்தியை அனுப்பவும் பெறவும் வல்ல கருவி, இதற்குத் தக்க சான்றாகும். எச்.எப். எனப்படும் சிற்றலைக் கருவியினுள் வீ.எச்.எப். பட்டையையும் சேர்ப்பதால் விளையும் நன்மை தீமைகளைக் கரையோர மக்களின் தேவை கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரங்குளி புத்தளம் மாவட்டத்தின் தாழ்ந்த கரையோரச் சமவெளியில், கொழும்பு–புத்தளம் வீதியில் அமைந்த ஊர். வீ.எச்.எப். அலை பெரும்பாலும் பார்வைக்கோட்டிலேயே செல்வது. பத்து மீற்றர் உயரமான இரு அன்ரனாக்களிடையே அது சமதரையில் ஏறத்தாழ 26 கிலோமீற்றர் எட்டும். எனவே அயலூர்களுடன் பேச அது போதும். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பை நேரே எட்டாது. 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலையோ அயன்மண்டலத்தில் தெறித்து மீள்வதால் பகற்பொழுதில் பல நூறு கிலோமீற்றர் பரப்பைத் தழுவவல்லது. ஆகவே கரைக்கு இரண்டும் வேண்டும் என்பது தெளிவு. இரண்டும் ஒரே பெட்டியுள் அமையவேண்டுமா என்பதே வினா.

1970களில் இவை பெரும்பாலும் தனித்தனிக் கருவிகளாகவே இருந்தன. சிற்றலைக் கருவியின் 28 மெகாஹேர்ட்ஸ் அலையை 144 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றும் துணைக்கருவியைப் பொருத்துவதும் வழக்கிலிருந்தது. 1995 இல் ஜப்பானிய ஐகொம் நிறுவனம் வெளியிட்ட ஐ.சி. 706, சிற்றலையோடு 50, 144 மெகாஹேர்ட்ஸ் பட்டைகளையும் மோட்டார் வாகனத்திற் பொருத்தத்தக்க சிறு பெட்டியுள் அடக்கியது. சிற்றலையில் 100 வாற்று வலுவுடைய அக்கருவி 144 மெகாஹேர்ட்ஸில் 10 வாற்று மட்டுமே வழங்கியமை மனங்கொள்ளத்தக்கது. பின்வந்த வடிவங்களில் அது முதலில் 20 ஆகவும் பின்னர் 50 ஆகவும் உயர்ந்தது.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. மீடிறன் ஏறுந்தோறும் திரான்சிற்றரின் பெருக்குதிறன் குறைகின்றது. பெறுதலிலும் இரு பட்டைகளின் வேண்டுதல்கள் முரண்படுகின்றன. சிற்றலையில் வெளியிலிருந்து வரும் இரைச்சலே மிகுதி. ஆதலின் வலிய குறிகளால் நிலைகுலையாமையே அங்கு முதன்மையானது. வீ.எச்.எப். பட்டையில் கருவியின் உள்ளிரைச்சலே நலிந்த குறியை மறைக்கும். ஆதலின் நுண்ணிய முன்பெருக்கி தேவை. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிறழ்வு 14 மெகாஹேர்ட்ஸில் 14 ஹேர்ட்ஸ். 144 மெகாஹேர்ட்ஸில் அதுவே 144 ஹேர்ட்ஸ். இரண்டையும் செம்மையாக நிறைவேற்றச் செலவு ஏறும். செலவைக் குறைப்பின் ஏதேனுமொன்று நலியும்.

எனினும் இணைப்பினால் நன்மையில்லை எனல் பொருந்தாது. மின்வழங்கி, இசைவிப்புச் சுற்று, ஒலிப்பகுதி ஆகியன பொதுவாவதால் இரு கருவிகளுக்கான செலவு மிஞ்சுகின்றது. பொருள்வளம் குன்றிய நாட்டின் ஆர்வலருக்கு இது சிறிய சலுகையன்று.

ஆயின் பேரிடர் வேறொரு அளவுகோலை முன்வைக்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், தொலைபேசித் தொடர்பற்ற அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைக்க இலங்கை வானொலிச் சங்கத்தினர் சிற்றலையையே பயன்படுத்தினர். அந்தமானின் போட் பிளேயரில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் குழுவினரும் சிற்றலை வழியாகவே இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பினர். தலைநகரை எட்டியது சிற்றலை. ஆனால் அங்கு சொல்லவேண்டிய செய்தி அயலூர்களிலிருந்தே திரளவேண்டும், அது வீ.எச்.எப். செய்யத்தக்க பணி. இணைந்த கருவிகளுட் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு பட்டையையே கேட்கும். கொழும்புடன் பேசுபவர் அவ்வேளையில் அயலூரின் குரலுக்குச் செவிடராகின்றார். கருவி பழுதுற்றால் இரு வழிகளும் ஒருங்கே அடைபடும்.

அண்மைக்காலத்தில் அந்நிறுவனமே இரண்டையும் மீண்டும் பிரித்துள்ளது. 2016 இல் வெளிவந்த ஐ.சி. 7300 இல் 144 மெகாஹேர்ட்ஸ் இல்லை. அப்பட்டைக்கு 2019 இல் ஐ.சி. 9700 தனியே வந்தது. வாகனத்துக்கும் பயணத்துக்கும் இணைந்த கருவி தகும். மதுரங்குளி போன்ற கரையிலோ எளிய சிற்றலைக் கருவியொன்றும் மலிவான வீ.எச்.எப். கருவியொன்றும் அருகருகே இருத்தலே நன்று. சிக்கனம் என்பது பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதன்று. இடர்வேளையில் எத்தனை குரல்கள் கேட்கப்படும் என்பதைக் கொண்டே அது அளவிடப்படல் வேண்டும்.