ஒட்டுப்போட்ட உடலும் உயிர்க்கோலும்

இசைக்குழுவின் பின்வரிசையில் ஆளுயரத்தையும் மிஞ்சி நிற்கும் டபுள் பாஸ் என்னும் பெருங்கருவியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் ஒலியைத் தனியே பிரித்துக் கேட்டவர் சிலரே. வயலினைப் பன்மடங்கு பெருக்கியது போன்ற உருவம். பெரும்பாலும் நான்கு தந்திகள். அவற்றுள் மிகத் தாழ்ந்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது.

இக்கருவிகளின் வரலாற்றைப் புரட்டும்போது ஒரு செய்தி நம்மை வியக்க வைக்கிறது. 200, 300 ஆண்டுப் பழமையுடைய டபுள் பாஸ்களுள், செய்யப்பட்ட நாளின் உறுப்புகள் யாவும் அப்படியே அமைந்தவை மிக அரிது. பெரிய உடல், வண்டியிலும் படிக்கட்டிலும் இடிபடும். காற்றின் ஈரம் வற்றினால் பலகை சுருங்கி வெடிக்கும். போதாக்குறைக்குக் காலத்தின் விருப்பமும் மாறிக்கொண்டே வந்தது. பழைய ஐந்து, ஆறு தந்திக் கருவிகள் பல மூன்று தந்திகளுக்கும், பிறகு நான்கு தந்திகளுக்கும் மாற்றப்பட்டன. கழுத்து புதிதாயிற்று. உயர்ந்த சுரங்களுக்குக் கை எட்டவேண்டுமென்று தோள்பகுதியை அறுத்துக் குறுக்கினர். சிதைந்துபோன ஒன்றின் முகப்புப் பலகையும், இன்னொன்றின் முதுகும், மூன்றாவதன் சுருள் தலையும் கூடி ஒரு கருவியானதும் உண்டு.

இவ்வாறு பிரித்துச் சேர்க்க இயன்றதற்குக் காரணம் பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல்பசையே அது. காய்ந்தால் இறுகும்; வெதுவெதுப்பான நீரும் மெல்லிய கத்தியும் பட்டால் விட்டுக்கொடுக்கும். தமக்குப் பின் வருகிறவர் இதைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே பழைய கைவினைஞர்கள் ஒட்டினார்கள். அவசரத்தில் ஆணி அடித்தும், இளகாத நவீனப் பசையைப் பூசியும் வைத்த கருவிதான் திருத்துவோருக்குப் பெருந்தொல்லை. (வேறு சில பழுதுகளையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம் அல்லவா!) வெடிப்பு விழுந்த இடத்தில் பலகையின் உட்புறமாகச் சிறு மரத்துண்டுகளைக் குறுக்கே ஒட்டுவர். பக்கப் பலகைகளுக்கு உள்ளே துணிப் பட்டைகள் பதிப்பர். அவையில் இருப்போர் இவற்றைக் காண்பதில்லை. கருவி சிதறாமல் நிற்பது இவற்றால்.

உள்ளே இன்னொன்றும் உண்டு. குதிரையின் ஒரு காலுக்கு அருகே, முகப்புப் பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையில் ஒரு மெல்லிய மரக்கோல் நிற்கிறது. அதற்குப் பசை இல்லை, ஆணி இல்லை. இரு பலகைகளின் அழுத்தமே அதைத் தாங்குகிறது. தந்திகளை எல்லாம் ஒருங்கே தளர்த்தினால் சாய்ந்து விழவும் கூடும். இத்தாலியர் இதற்கு இட்ட பெயர் 'ஆனிமா', அதாவது ஆன்மா. நாம் உயிர்க்கோல் என்போம். பலகையும் தலையும் பிரடையும் பிற கருவிகளிலிருந்து வரலாம். இக்கோலை மட்டும் அந்தந்த உடலின் உள்வளைவுக்கு ஏற்ப அளந்து செதுக்கவேண்டும்.

கைவிடப்பட்ட கருவி ஒன்று பெரும்புகழ் அடைந்த கதையும் உண்டு. 1835இல் ஏழைச் சிறுவன் ஜியோவான்னி பொத்தெசீனி மிலான் இசைக்கல்லூரியை நாடியபோது, உதவித்தொகையுடன் இருந்த இடங்கள் இரண்டே: ஒன்று பசூன் என்னும் குழலுக்கு, மற்றொன்று டபுள் பாஸுக்கு. அவர் பின்னதைத் தேர்ந்தார். படிப்பு முடிந்ததும், தெஸ்தோரே குடும்பத்தார் 1716இல் செய்த கருவி ஒன்றை வாங்கினார். அது ஒரு பொம்மலாட்ட அரங்கில் குப்பைக்கு அடியில் கிடந்தது என்பர். அதைக் கொண்டே அவர் ஐரோப்பாவை வியக்கச் செய்தார். 1871இல் கெய்ரோவில் வெர்டியின் 'ஆயிதா' முதன்முதல் அரங்கேறியபோது இசைக்குழுவை நடத்தியவரும் அவரே.

குப்பையிலிருந்து எடுத்ததில் இழிவில்லை; ஒட்டிச் சேர்த்ததிலும் இல்லை. சேர்த்ததை மறைத்துப் பெரிய பெயரைச் சூட்டுவதே நமக்கு உறுத்துகிறது. வயலின் வணிகத்தில் பொய்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் பழமையானது. சில வேளைகளில் நல்லெண்ணம் உடையோரும் தவறான பெயரையே நம்பிவிடுகின்றனர். பாஸ்டன் இசைக்குழுவை நடத்திய செர்கே குசெவிட்ஸ்கி ஒரு டபுள் பாஸை வைத்திருந்தார். அமாத்தி குடும்பத்தார் 1611இல் செய்தது என்பது அதன் பெருமை. அவர் மறைந்தபின் அவருடைய மனைவி ஓல்கா அதனை இளங்கலைஞர் கேரி காருக்குப் பரிசளித்தார். கார் பல்லாண்டுகள் அதை வாசித்து உலகெங்கும் தனி இசை நிகழ்த்தினார். பின்னர் ஆய்வாளர்கள் முகப்புப் பலகையின் மர வளையங்களை எண்ணி ஒப்பிட்டனர். அம்மரம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் உயிரோடு நின்றது எனத் தெரிந்தது. 1611 என்னும் ஆண்டும் அமாத்தி என்னும் பெயரும் ஒருங்கே உதிர்ந்தன.

அந்தக் கருவியை விற்றுவிட அவர் முனையவில்லை. பன்னாட்டு டபுள் பாஸ் கலைஞர் சங்கத்துக்கு அதை நன்கொடையாகத் தந்தார். காரும் குசெவிட்ஸ்கியும் வாசித்தது என்னும் பொருளில், அவ்விருவர் பெயராலேயே அது இப்போது அழைக்கப்படுகிறது.